கண்காணியை அமர்த்துவோர் யார்?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் கரிசல் நிலத்தூர். 1970-இல் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் சிமிட்டி ஆலையால் வெளியூரார் அதன் பெயரை அறிவர். ஆலையில் வேலை வாய்க்காதோரும், மழை பொய்த்த ஆண்டில் நிலத்தில் வேலை காணாதோரும் நாடிச் செல்வன சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலகங்கள். அங்கே மருந்து கலப்போரும் திரி செருகுவோரும் நூல் கல்லாமலே அறிந்த உண்மை ஒன்று உண்டு. உலக அரசியலின் பெருஞ்சிக்கல் ஒன்றை விளங்கிக்கொள்ள அவ்வுண்மையினும் நல்ல விளக்கு வேறில்லை.

பட்டாசுத் தொழிலகத்தில் 'போர்மன்' என வழங்கும் கண்காணி ஒருவர் இருப்பார். பயின்று சான்று பெற்றவர் அவர். ஓரறைக்குள் இத்தனை பேரே அமரலாம், இவ்வளவு மருந்தே இருக்கலாம், அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை செய்தல் ஆகாது என்னும் வரம்புகளைக் காப்பது அவர் கடமை. தொழிலாளியின் உயிர் அவர் கண்ணில் இருக்கிறது. ஆனால் அவரை வேலைக்கு எடுப்பவர் முதலாளி; அவர்க்குக் கூலி அளப்பவர் முதலாளி; அடுத்த ஆண்டும் அவரை வைத்துக்கொள்வதா விலக்குவதா என முடிவு செய்பவரும் முதலாளியே. விழாக்காலம் நெருங்கி, வரம்புக்கு மிஞ்சிய ஆட்கள் ஓரறைக்குள் அமர்த்தப்படும்போது, "இது கூடாது" என்று சொல்ல வேண்டிய வாய் அந்த ஒரு வாய்தான். சொன்னால் இழக்க நேர்வது அந்த வாய்க்குச் சோறிடும் வேலை. நேர்மையில் உறுதி கொண்டோர் சொல்லிவிட்டு வெளியேறுவர். வேறு வழியற்றோர் முகத்தைத் திருப்பிக்கொள்வர்.

2012 செபுதம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிநேர்ச்சியில் முப்பதின்மர்க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்பிரவரி 12-ஆம் நாள் சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் நேர்ந்ததில் இருபதின்மர்க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாள்களில் எல்லாரும் கேட்கும் வினா, "கண்காணிப்பு எங்கே போயிற்று?" என்பது. எவரும் கேளாத வினா, "கண்காணியை அமர்த்துவோர் யார்? அவரை மீண்டும் அமர்த்துவோர் யார்?" என்பது. முதல் வினாவிற்கு விடை இரண்டாம் வினாவுக்குள் இருக்கிறது.

அவ்வினாவையே உலகப் பெருமன்றங்களின் வாயிலில் நின்று தமிழினம் கேட்டாக வேண்டும். ஏனெனில் கண்காணிப்புத் தவறியதால் உயிரையும் மண்ணையும் இழந்த இனங்களுள் தமிழினமும் ஒன்று.

கண்காணிக்கப்படுவோரே அமர்த்தும் கண்காணி

1993 திசம்பர் 20-ஆம் நாள், ஒன்றிய நாடுகள் அவையின் பொதுப்பேரவை, மாந்தவுரிமை உயர் ஆணையர் என்னும் பொறுப்பைத் தோற்றுவித்தது. அரசுகள் தம் ஆளுகைக்குட்பட்ட மக்களைக் கொல்கின்றனவா, வதைக்கின்றனவா, வாய் பூட்டுகின்றனவா என்று பார்த்து உலகிற்கு உரைப்பது அப்பொறுப்பின் வேலை. அஃதாவது, உலக அரசுகளுக்கெல்லாம் அவர் ஒரு கண்காணி.

அக்கண்காணியை அமர்த்தும் முறை யாது? பொதுச்செயலாளர் ஒருவர் பெயரைச் சொல்லுவார். பொதுப்பேரவை அதற்கு இசைவு தரும். பொறுப்புக்காலம் நான்காண்டு. விரும்பினால் மேலும் ஒரு நான்காண்டு நீட்டலாம். பொதுப்பேரவையில் அமர்ந்திருப்போர் யார்? அரசுகளின் நிகராளிகள். பெயரைச் சொல்லும் பொதுச்செயலாளரை அமர்த்துவோர் யார்? அவர்களும் அரசுகளே. எனவே, கண்காணிக்கப்பட வேண்டியோரே கண்காணியை அமர்த்துகின்றனர். அவர் வேலை செய்யும் வகையை நான்காண்டு பார்த்தபின், இவர் நமக்கு ஆவாரா ஆகாரா என்று முடிவு செய்வோரும் அவர்களே. பட்டாசுத் தொழிலகத்துக் கண்காணியின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? செனீவா நகரின் மாளிகை பெரிது, அறை குளிர்ந்தது. வேறுபாடு அவ்வளவே.

விளைவைக் காண்க. 1994 முதல் 2022 வரை முறையாக அப்பொறுப்பில் அமர்த்தப்பெற்றோர் எழுவர். அவ்வெழுவருள் ஒருவர்கூட இரண்டு முழுப் பொறுப்புக்காலத்தை நிறைவு செய்யவில்லை. முதலாமவர் எக்குவதோர் நாட்டு அயலா இலாசோ. தம் நாட்டு அயலுறவு அமைச்சராக 1997-இல் இடையிலேயே திரும்பினார். அயர்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி இராபின்சன் நான்காண்டோடு ஓராண்டு நீட்டிப்புப் பெற்று 2002-இல் விலகினார். பிரேசில் நாட்டு வியேரா டி மெல்லோ 2003 ஆகத்து 19-ஆம் நாள் பாக்தாதில் குண்டுவெடிப்பில் மாண்டார். கனடா நாட்டு உலூயி ஆர்பர் 2008-இல் ஒரே பொறுப்புக்காலத்தோடு நீங்கினார். அவர்க்குப்பின் வந்தவர் நவநீதம் பிள்ளை. ஆறாமவரான யோர்தான் நாட்டு செயித் இராத் அல் உசைன், இன்றைய உலகச் சூழலில் மறுமுறை அப்பொறுப்பை நாடுவது மண்டியிட்டு இரப்பதாகிவிடக்கூடும் என்ற கருத்தினை 2017 திசம்பரில் தம் அலுவலர்க்கே எழுதிவிட்டு, 2018-இல் வெளியேறினார். ஏழாமவரான சிலி நாட்டு மிசேல் பசெலே, சீனத்தின் சிஞ்சியாங்குப் பகுதியில் உய்குர் மக்கள் படும் பாடு குறித்த அறிக்கையை 2022 ஆகத்து 31-ஆம் நாள், தம் பொறுப்புக்காலம் முடிவதற்குச் சில நிமையங்கள் இருக்கையில்தான் வெளியிட்டார்.

இவற்றுள் இறப்பும் உண்டு. தாமே விரும்பிய விலகலும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுதல் முறையன்று. ஆயினும் கடைசி இருவரின் நடைமுறை ஓர் உண்மையை ஒளிவின்றிக் காட்டுகிறது. ஒருவர், மறுமுறை கேட்டால் குனிய நேரும் என்று கேளாமலே சென்றார். மற்றொருவர், இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்ற நாளிலேயே அவ்வறிக்கையை வெளியிட்டார். வாயைத் திறக்கும் உரிமை, வாயிலைக் கடக்கும் பொழுதில்தான் வருகிறது.

தமிழ்க்குடியிற் பிறந்த கண்காணி

இனி, நவநீதம் பிள்ளையின் செய்திக்கு வருவோம். 1941-இல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில், கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் வழித்தோன்றலாகப் பிறந்தவர் அவர். தந்தை பேருந்து ஓட்டுநர். 1967-இல் நட்டால் மாநிலத்தில் வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாப் பெண். நிறவெறி ஆட்சியின் கீழ் வெள்ளை நடுவரின் அறைக்குள் நுழையவும் உரிமையற்று இருந்தவர், அவ்வாட்சி வீழ்ந்தபின் 1995-இல் தாமே உயர்வழக்குமன்ற நடுவராக அமர்ந்தார். உருவாண்டா இனக்கொலையை உசாவிய உலக வழக்குமன்றத்தில் நடுவராகவும் பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். போரில் பெண்களைக் கெடுத்தலும் இனக்கொலையின் ஒரு வடிவமே என்று 1998-இல் உலகிற்கு உரைத்த அமர்வில் அவரும் ஒருவர். 2008 செபுதம்பர் முதல் நாள் மாந்தவுரிமை உயர் ஆணையரானார்.

அந்த மாதத்தில்தான் ஒன்றிய நாடுகளின் அலுவலர் வன்னியை விட்டு வெளியேறினர். அடுத்த எட்டுத் திங்களில் நடந்தவற்றைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் உலகமன்றத்துக்குள் நடந்த ஒன்றை எடுத்துரைத்தே ஆக வேண்டும். 2009 மார்ச்சு 13-ஆம் நாள், நவநீதம் பிள்ளை ஓர் அறிக்கை வெளியிட்டார். அவ்வாண்டு சனவரி 20 தொடங்கி அந்நாள் வரையில் 2,800-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றும், இரு தரப்பாரின் செயல்களும் போர்க்குற்றமாகலாம் என்றும் அதிற் கூறினார். வெளியிடுவதற்கு முன் அதன் கரட்டுப்படியைக் கண்ட உயர் அலுவலர் சிலர், அதன் கூர்மையை மழுக்குமாறு வேண்டினர். அவர் வெளியிட்டார். இச்செய்தியைத் தமிழர் கட்டிச் சொல்லவில்லை. ஒன்றிய நாடுகள் அவையே தன் தவறுகளை ஆராயச் சார்லசு பெட்ரி தலைமையில் அமைத்து 2012 நவம்பரில் வெளியிட்ட அகஆய்வு அறிக்கை சொல்லிற்று.

2009 மே 27-ஆம் நாள், முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாளும் ஆகாத நிலையில், மாந்தவுரிமை அவை சிங்கள அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 நாடுகளின் ஒப்போலையோடு நிறைவேற்றியது. எதிர்த்தவை 12, நடுநின்றவை 6. இந்திய அரசு பாராட்டியோர் வரிசையில் நின்றது. அக்கூட்டத்தில் தற்சார்பான உலக உசாவல் வேண்டும் என்று கூறியவர் அதே நவநீதம் பிள்ளை. முதலாளிகள் எல்லாரும் கூடிப் பாராட்டுகையில், கண்காணி மட்டும் கொட்டகை எரிந்தது என்றார்.

நான்காண்டு முடிந்தது. 2012 மே மாதத்தில் அவர் பொறுப்பு நீட்டிக்கப்பட்டது. வழக்கமான நான்காண்டு நீட்டிப்பு அன்று, ஈராண்டு மட்டும். அந்த அளவு எவ்வறையில் எவரோடு பேசி வரையறுக்கப்பட்டது என்பதை உலக மக்கள் அறிந்துகொள்ள அம்முறையில் இடமே வைக்கப்படவில்லை. போட்டியாளர் பட்டியல் இல்லை. பொதுவில் வினவுதல் இல்லை. ஒப்போலை எண்ணிக்கை இல்லை. தலைசிறந்த கண்காணியாயினும், தரங்குறைந்த கண்காணியாயினும், அவரை வைத்துக்கொள்வதும் விலக்குவதும் கதவடைத்த அறையின் முணுமுணுப்பால் முடிகிறது என்பதே ஈண்டுக் குற்றம்.

கிடைத்த ஈராண்டை அவர் வீணாக்கவில்லை. 2013 ஆகத்து இறுதியில் ஈழ மண்ணுக்குச் சென்றார். தாம் சந்தித்த முல்லைத்தீவு மக்களிடமும் திருகோணமலை மக்களிடமும் காவலரும் படையினரும் பின்னே சென்று உசாவியதைக் கொழும்பிலேயே செய்தியாளர் முன் போட்டுடைத்தார். நாடு வல்லாட்சிப் பாதையில் செல்கிறது என்றார். தமிழ்க் குருதி என்பதால் புலிகளின் கருவி என்று சிங்கள அமைச்சரும் ஏடுகளும் தம்மைத் தூற்றியதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். அதே உரையில் விடுதலைப் புலிகளையும் கடுமையாகக் கடிந்தார். அது தமிழருட் பலர்க்கு உவப்பளிக்கவில்லை. ஆயினும் ஒன்றை உணர வேண்டும். தமிழர்க்கு வேண்டியது தமிழ்க்குடியிற் பிறந்த கண்காணி அன்று. எவர்க்கும் கடன்படாத கண்காணி. தமிழரை மகிழ்விக்கப் பேசுபவர் நாளை சிங்களவரை மகிழ்விக்கவும் பேசலாம். எவரையும் மகிழ்விக்கத் தேவையற்ற நிலையில் நின்று பேசியதனாலேயே அவர் சொல்லுக்கு எடை இருந்தது. 2014 மார்ச்சில் மாந்தவுரிமை அவை 23-க்கு 12 என்னும் ஒப்போலையில் முழு உசாவலுக்கு ஆணையிட்டபோது, அவ்வேலை அவர் அலுவலகத்திடமே வந்தது. 2014 ஆகத்து இறுதியில் அவர் பொறுப்பு முடிந்தது. அறிக்கை 2015 செபுதம்பரில் அடுத்தவர் கையால் வெளிவந்தது.

ஐவர் கையிலுள்ள சாவி

உயர் ஆணையரின் நிலை இதுவானால், அவரை முன்மொழியும் பொதுச்செயலாளரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பாதுகாப்பு அவை பரிந்துரைக்க, பொதுப்பேரவை அமர்த்தும் என்பது பட்டயம். அமெரிக்கா, உருசியா, சீனம், பிரித்தானியா, பிரான்சு என்னும் ஐவருள் ஒருவர் 'மாட்டேன்' என்றாலும் அப்பெயர் விழுந்துவிடும். 1946 சனவரி 24-ஆம் நாள் பொதுப்பேரவை இயற்றிய தீர்மானமோ, பாதுகாப்பு அவை ஒரே ஒரு பெயரை அனுப்புதலே நலம் என்றும், அப்பெயர்மீது பேரவையில் சொல்லாடல் தவிர்க்கப்பட வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒரே பெயர், பேச்சில்லை. இதற்குப் பெயர் தேர்வா? 2015-இல் இயற்றிய தீர்மானத்தின் பயனாகத்தான் 2016-இல் முதன்முறையாகப் போட்டியாளர் பெயர்கள் வெளியிடப்பட்டு, பேரவை முன்னிலையில் அவர்கள் வினவப்பட்டனர். எழுபதாண்டுக்குப் பின் கதவு ஒரு விரற்கடை திறந்தது. சாவி மட்டும் ஐவர் கையிலேயே இருக்கிறது.

மறு அமர்த்தத்தில் அச்சாவி எவ்வாறு திரும்பும் என்பதற்கு 1996 நவம்பர் சான்று. எகிப்து நாட்டுப் பூத்ரோசு காலி இரண்டாம் முறை அமர விரும்பினார். பாதுகாப்பு அவையின் பதினைவருள் பதினால்வர் இசைந்தனர். அமெரிக்கா ஒன்று மறுத்தது. அவர் வெளியேறினார். பதினால்வர் விருப்பத்தினும் ஒருவர் வெறுப்பு வலிது என்று அந்நாள் முதல் அவ்விருக்கையில் அமர்ந்த ஒவ்வொருவரும் பாடம் கற்றிருப்பர்.

கொரியா நாட்டுப் பான் கீ மூன் 2007-இல் பொறுப்பேற்றார். முதற்பொறுப்புக்காலத்தின் நடுவே வன்னிப்போர் வந்தது. பாதுகாப்பு அவை அதனைத் தன் நிகழ்ச்சிநிரலில் முறையாக ஏற்கவேயில்லை. சிங்கள அரசுக்குப் புறங்காவலாகச் சீனமும் உருசியாவும் நின்றன. அவ்விரண்டின் இசைவும் இன்றிப் பான் கீ மூனுக்கு இரண்டாம் காலம் கிட்டாது. ஓராண்டு கழித்து, 2010 சூனில், அவர் மூவர் குழு ஒன்றை அமைத்தது உண்மை. அக்குழு, இறுதிக்கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று கூறியதும், அவ்வறிக்கை 2011 ஏப்பிரலில் வெளிவந்ததும் உண்மை. அவற்றை மறைத்தல் முறையன்று. ஆனால் உலக உசாவலுக்கு ஆணையிடும் உரிமை தமக்கில்லை என்று அவர் ஒதுங்கியதும், இரண்டே திங்களில், 2011 சூன் 21-ஆம் நாள், எதிர்ப்பின்றி மீண்டும் அமர்த்தப்பெற்றதும் அதே அளவு உண்மை. அச்சத்தால் ஒதுங்கினார் என்று அவர் நெஞ்சைப் பிளந்து காட்ட எவராலும் இயலாது. காட்ட வேண்டுவதும் இல்லை. எவரிடம் அடுத்த வேலையைக் கேட்க வேண்டுமோ, அவரையே குற்றஞ்சாட்ட வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்துவது கொடிய அமைப்பு. நல்லவர் அதில் நின்றாலும் கொடிது. கோழை நின்றாலும் கொடிது.

மறு அமர்த்தம் என்னும் தூண்டில் இல்லாத காலத்தில் நா எவ்வாறு எழும் என்பதற்கும் சான்றுண்டு. கோபி அன்னான், ஈராக்கின்மீது அமெரிக்கா தொடுத்த போர் முறையற்றது என வெளிப்படையாகச் சொன்னது 2004 செபுதம்பரில். அஃது அவர்தம் இரண்டாம் காலம். ஈழத்தில் ஒன்றிய நாடுகள் அவை தவறியது என்று ஒப்பிய பெட்ரி அறிக்கை வெளிவந்தது 2012-இல். அது பான் கீ மூனின் இரண்டாம் காலம். கேட்பதற்கு ஏதும் இல்லாதபோதே உண்மைக்கு நா முளைக்கிறது.

அதே நகரில் மற்றொரு வழி

இதற்கு மாற்றே இல்லையா? அதே செனீவா நகரில், அதே 2012 மே மாதத்தில், வேறொரு தேர்வு நடந்தது. உலகத் தொழிலாளர் அமைப்பு தன் தலைமை இயக்குநராகத் தொழிற்சங்கத்தில் வளர்ந்த கை இரைடர் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அவரைத் தேர்ந்த ஆட்சிக்குழுவில் ஒப்போலை உடையோர் ஐம்பத்தறுவர். அரசுகளுக்கு 28, முதலாளிகளுக்கு 14, தொழிலாளர்க்கு 14. அஃதாவது, அரசல்லாத உழைப்பாளர்க்கு அங்கே நாலில் ஒரு பங்கு உண்டு. ஆலங்குளத்துப் பட்டாசுத் தொழிலாளி செனீவாவைக் கனவிலும் கண்டிரார். ஆயினும் அவ்வவையில் அவரையொத்தோர் பெயரால் பதினான்கு கைகள் உயர்கின்றன. 1919-இல் நிறுவப்பெற்ற நாள் தொட்டே அம்முத்தரப்பு முறை அங்கே உண்டு. நூறாண்டாக அதனால் வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை.

தொழிலாளர்க்கு ஒரு பங்கு கொடுக்க இயலுமாயின், அரசற்ற மக்களினங்கட்கு ஏன் இயலாது? குர்து மக்கள் இருக்கின்றனர், திபேத்தியர் இருக்கின்றனர், தமிழர் இருக்கின்றனர். மாந்தவுரிமைக் கண்காணியின் கண் எவர்மேல் படிய வேண்டுமோ அவர்கட்கு, அக்கண்காணியைத் தேர்வதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை.

பழந்தமிழ்நாட்டார் கண்ட வரம்பு

பொறுப்பில் இருப்பவர் மீண்டும் அமர்வதில் உள்ள ஏதத்தைத் தமிழ்நாட்டார் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே கண்டு வரம்பிட்டனர். குடத்தில் ஓலையிட்டுத் தேரும் முறை அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் உவமையாகவே இடம்பெறும் அளவுக்குப் பழைமையானது. முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையை விரித்துரைக்கின்றன. வாரியப் பொறுப்புக்காலம் முந்நூற்றறுபது நாள். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. கணக்குக் காட்டாதவர் பெயரும் இடப்படாது. அவர்தம் உறவினர் பெயரும் இடப்படாது.

அது பார்ப்பனர் ஊர். மறையோதிய நிலவுடையார்க்கே அங்கே இடம். உழைத்தோர்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. அக்குறையை மூடி மறைத்து அதனைக் குடியாட்சியின் முடிமணி என்று மேடையில் முழங்குவது தன்னைத் தானே ஏய்த்தல். ஆயினும் ஒரு நுட்பம் அதில் ஒளிர்கிறது. 'இன்று அமர்ந்திருப்பவர், நாளையும் அமர்வதற்காக இன்றைய வேலையைச் செய்யக்கூடாது' என்னும் அறிவு அது. அவ்வறிவு நியூயார்க்கு மாளிகைக்கு இன்றும் எட்டவில்லை. பிரயன் உர்க்கார்ட்டு, எர்சுகின் சில்டர்சு என்னும் ஒன்றிய நாடுகளின் பழுத்த அலுவலர் இருவர், பொதுச்செயலாளர்க்கு நீட்டிப்பில்லாத ஏழாண்டு ஒற்றைக்காலம் போதும் என்று 1990-இல் ஆய்ந்து எழுதினர். எழுதியது ஏட்டில் இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

உலகைக் குறைகூறுவோர் தம் வீட்டுக் கணக்கையும் விரித்துக் காட்டுதல் கடன். தனிநாயக அடிகளார் முயற்சியால் 1964-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தமிழர்க்கென வாய்த்த உலக அமைப்பு. அதன் எட்டாம் மாநாடு 1995-இல் தஞ்சையில் நடந்தது. அடுத்த மாநாடு கோலாலம்பூரில் நடந்தது 2015-இல். இடையில் இருபதாண்டு! 2010-இல் கோவையில் தமிழக அரசு மாநாடு கூட்ட முனைந்தபோது, ஆய்வுக்குப் போதிய காலம் இல்லை என்று மன்றத்தலைவர் நொபொரு கராசிமா இசைவு மறுத்தார். அரசு செம்மொழி மாநாடு என வேறு பெயரிட்டு நடத்திக்கொண்டது. அந்தச் சப்பானியப் பேரறிஞர் தமிழக ஆட்சியாளர் எவர்க்கும் கடன்பட்டவரல்லர். அதனால் 'இயலாது' என்ற சொல் அவர்க்கு இயன்றது. அதே வேளையில், ஒருவரே இருபதாண்டுக்கு மேல் தலைவராயிருந்ததும், மாநாடு கூடாமையால் பொதுத்தேர்வு நிகழாது போனதும் அம்மன்றத்துக்கு நலம் செய்யவில்லை. ஊர்தோறும் உள்ள தமிழ்மன்றங்களிலும், கடல்கடந்த நாடுகளின் தமிழ் அமைப்புகளிலும் ஒருவரே இறக்கும் வரை தலைவராக இருப்பதைப் பெருமையாகக் கொண்டாடும் வழக்கம் உள்ளவரையில், பிறரை நோக்கி நீட்டும் விரல் நடுங்கவே செய்யும்.

'மறு அமர்த்தம் நல்ல வேலைக்குப் பரிசு அன்றோ? அஃதில்லையேல் பொறுப்பில் இருப்பவர் எவர்க்கும் அஞ்சாமல் ஏனோதானோ என்றிருப்பாரே?' என்று வினவுவோர் உளர். ஊராட்சித் தலைவர்க்கு இது பொருந்தும். அவர் வேலையால் நன்மையும் தீமையும் அடைவோரே அவர்க்கு ஒப்போலை இடுவோர்; அவர்க்கு அஞ்சுதல் மக்களுக்கு அஞ்சுதல். உலகக் கண்காணியின் நிலை வேறு. அவர் வேலையால் காக்கப்பட வேண்டியோர்க்கு ஒப்போலை இல்லை. அவரால் தடுக்கப்பட வேண்டியோர்க்கே உண்டு. அங்கே மறு அமர்த்தம் பரிசன்று, கையூட்டு. தவறிழைப்பவரை இடையிலேயே நீக்க வெளிப்படையான உசாவல் முறை இருந்தால் போதும்.

செய்ய வேண்டுவன

வேண்டுவன மூன்று. பொதுச்செயலாளர்க்கும் மாந்தவுரிமை உயர் ஆணையர்க்கும் நீட்டிப்பில்லாத ஒரே பொறுப்புக்காலம் வேண்டும். போட்டியாளர் பட்டியலும் வினவலும் ஒப்போலை எண்ணிக்கையும் உலகறிய நடக்க வேண்டும். அரசற்ற மக்களினங்களின் குரலுக்குத் தேர்வில் ஒரு பங்கு வேண்டும்.

இவற்றைத் தமிழர் கேட்டால் நடந்துவிடுமா என ஏளனம் செய்வோர் ஒன்றை எண்ணுக. 2009-இல் சிங்கள அரசைப் பாராட்டிய இந்திய அரசு, 2012-இலும் 2013-இலும் அதனைக் கடிந்த தீர்மானங்கட்கு இசைந்தது. இடையில் எழுந்தது தமிழகத்தின் கொதிப்பு. 2013 மார்ச்சில் தெருவுக்கு வந்தோர் மாணவர். அக்கொதிப்பு ஆறியபின், 2014-இல் தில்லி நடுநிலை என்று நழுவியது. எனவே தமிழர் அழுத்தம் செனீவாவில் ஓர் ஒப்போலையைத் திருப்ப வல்லது என்பது கண்ட உண்மை. ஆனால் தீர்மானத்திற்கு எப்பக்கம் கை தூக்குவாய் என்று கேட்ட தமிழகம், கண்காணியாக எவரை அமர்த்துவாய் என்று கேட்கவில்லை. 2012 மார்ச்சில் தீர்மானத்துக்காகக் கொதித்த மண், அடுத்த மே மாதத்தில் நவநீதம் பிள்ளையின் பொறுப்புக்காலம் பாதியாக அளக்கப்பட்டபோது பேரியக்கமாக எழவில்லை. வெடித்தபின் அழுவதில் உள்ள விரைவு, கண்காணியைத் தேரும் நாளில் இல்லை.

குட்டரெசின் இரண்டாம் பொறுப்புக்காலம் 2026 திசம்பர் 31-ஆம் நாளோடு முடியுமாறு வரையறுக்கப்பட்டது. அதன்பின் வருவோர் ஒவ்வொருவர்க்கும் இவ்வினா உரியது. தமிழகத்து நாடாளுமன்ற உறுப்பினர் முப்பத்தொன்பதின்மரும் மாநிலங்களவை உறுப்பினர் பதினெண்மரும் அவையில் எழுந்து கேட்க வேண்டுவது எளிய வினா: 'இந்தியா எவரை ஏற்கிறது? எந்த உறுதியின்மேல் ஏற்கிறது? ஒற்றைக்காலத்தை ஏற்குமா, மறுக்குமா?' அவர்களைக் கேட்கச் செய்வது அவர்கட்கு ஒப்போலை இட்ட தமிழர் கடன். அவ்வுறுப்பினர்க்கு மறு அமர்த்தம் தருவோர் தமிழரே என்பதை நினைவூட்டினால் போதும்.

ஆலங்குளத்துத் தாய் ஒருத்தி, விடியலில் மகளைப் பட்டாசு வேலைக்கு அனுப்புகையில், அங்கே கண்காணி நல்லவரா என்று கேட்டு அமைதி கொள்கிறாள். அவ்வினா போதாது. நல்லவரை நல்லவராகவே இருக்க விடுவோர் யார் என்றும் கேட்டாக வேண்டும். கொட்டகைக்கும் அதுவே வினா. உலகுக்கும் அதுவே வினா.